மேசைமேல் ஒரு புன்னக்காயல்

தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி, பரமபதம் என்று வளர்ந்த தலைமுறை என்னுடையது. இந்த ஆட்டங்களில் ஆடுகிறவர்கள் மட்டும்தான் உண்டு. ஆட்டத்தை நடத்துகிறவர் என்று தனியாக ஒருவர் கிடையாது. சண்டை முற்றினால் திண்ணையில் வெற்றிலை இடிக்கும் பாட்டி ஒரு தீர்ப்புச் சொல்வாள், அவ்வளவுதான்.

தபால் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நான் பழகிக்கொண்ட ஆட்டத்தில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது. பெங்களூரிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த பேரன் கற்றுக்கொடுத்தது. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு பாத்திரம். நடத்துகிறவர் நிலைமையைச் சொல்வார்: "பொழுது சாய்ந்துவிட்டது. கோட்டைக் கதவு மூடியிருக்கிறது. ஆற்றங்கரையில் யாரோ பந்தம் பிடித்து வருகிறார்கள். என்ன செய்யப் போகிறீர்கள்?" அவரவர் தம் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை. விளைவைச் சொல்லிக் கதையை நகர்த்துவது நடத்துகிறவர் வேலை. ஆட்டத்தின் முடிவில் ஜெயித்தவர் தோற்றவர் என்று யாரும் இல்லை.

அவரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்து 'நடத்துநர்' என்றேன். "பஸ் கண்டக்டரா தாத்தா?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தாலும் பொருத்தம்தான். வண்டியை ஓட்டுவது அவரில்லை. எல்லாரையும் ஏற்றி இறக்கி, கணக்குத் தப்பாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்.

இந்த ஆட்டத்தில் நாங்கள் மேசைமேல் கொண்டுவந்தது 1553-ம் ஆண்டுப் புன்னக்காயலை. அதற்காக இரண்டு வரலாறுகளைப் படிக்க வேண்டியிருந்தது: ஆட்டத்தின் வரலாறு ஒன்று, ஊரின் வரலாறு ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

சதுரங்கத்திலிருந்து நிலவறைக்கு

யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சென்று செஸ் ஆயிற்று. சதுரங்கத்தில் நிலம் இல்லை. மேடும் ஆறும் சகதியும் இல்லை. நிஜப் போருக்குப் பழக இது போதாது என்று ஜெர்மானியர்களுக்குத் தோன்றியது. 1780-ல் ஹெல்விக் என்பவர் செஸ் பலகையைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிலவகையைக் கொடுத்தார். 1812-ல் ரைஸ்விட்ஸ் என்பவர், நிலத்தையே அச்சாக வார்த்து அடுக்கிவைக்கும் ஒரு மேசையைப் பிரஷ்ய அரசருக்குக் காட்டினார். அவர் மகன் 1824-ல் அதை வரைபடத்துக்கு மாற்றி, பகடையும் ஒரு நடுவரும் சேர்த்து, ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்குக் கொடுத்தார். அதற்கு 'க்ரீக்ஸ்ஷ்பீல்', அதாவது போராட்டம் என்று பெயர். போர் ஆட்டம் என்று பிரித்தும் வாசிக்கலாம்.

விதிகள் பெருகிக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் அட்டவணை, எல்லாவற்றுக்கும் கணக்கு. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி, அட்டவணைகளைத் தூக்கிப் போடுங்கள், அனுபவமுள்ள நடுவர் தன் அறிவைக்கொண்டு தீர்ப்புச் சொன்னால் போதும் என்றார். நடத்துநர் நாற்காலி அன்றைக்குத்தான் போடப்பட்டது என்பது என் எண்ணம். பகடையும் புத்தகமும் இருந்தாலும் கடைசிச் சொல் ஒரு மனிதருடையது என்றாகிவிட்டது.

இதே ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1913-ல் வெளிவந்த அவருடைய 'லிட்டில் வார்ஸ்' புத்தகத்தில், ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, சுருள்வில் பொம்மைப் பீரங்கியால் சுட்டு விளையாடும் விதிகள் இருக்கின்றன. நிஜப் போருக்குப் பதிலாக எல்லாரும் பொம்மைப் போர் செய்தால் உலகம் பிழைக்கும் என்று அவர் விரும்பினார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 1969-ல் நடந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நண்பர்களுக்கு நெப்போலியன் காலப் போர் ஆட்டம் ஒன்றை நடத்தினார். இரண்டு படைகளுக்கும் நடுவே 'பிரவுன்ஸ்டைன்' என்று கற்பனையாக ஒரு ஊர். வந்த நண்பர்கள் அதிகம். தளபதிகளோ இரண்டே பேர்தான் இருக்க முடியும். மற்றவர்களுக்கு ஊர்க்காரர்களின் வேடங்களைக் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளாளுக்கு ஒரு ரகசிய நோக்கம். படைகள் மோதவே இல்லை. ஊர்க்காரர்கள் மூலைக்கு மூலை நின்று பேரம் பேசினார்கள், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள், சண்டைக்குச் சவால் விட்டார்கள். ஆட்டம் கெட்டுப்போயிற்று என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அதே முறையை ஒரு மாயக் கோட்டைக்குள் கொண்டுபோனார். விஸ்கான்சினில் இருந்த கேரி கைகாக்ஸ் அவரோடு சேர்ந்து விதிகளை எழுத, 1974-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பெட்டி வெளிவந்தது. நிலவறைகளும் பறவைநாகங்களும் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பதிப்பு 1000 பெட்டிகள். அதில் வரும் சில பூதங்கள் பிறந்த கதை வேடிக்கையானது. கைகாக்ஸ் கடையில் மலிவாக விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் மிருகப் பொம்மைகளை வாங்கி மேசையில் வைத்தார். எந்த மிருகம் என்றே சொல்ல முடியாத அவற்றுக்குப் பெயரும் குணமும் கொடுத்தார். பொம்மை முதலில், பூதம் பிறகு.

நம் ஊருக்கு வந்த படை

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் ஊர்கள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகியது. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்பெற்ற துறைமுகமான கொற்கை இன்று வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அடுத்து வந்த காயல், மார்க்கோ போலோ பார்த்த பெரிய துறைமுகம், இன்று பழையகாயல் என்ற பெயரில் உள்வாங்கி நிற்கிறது. பிறகு முகத்துவாரத்தில் புன்னக்காயல். தெற்கே கடலோரமாகக் காயல்பட்டினம். மூன்று காயலும் ஒரே ஆற்றின் பிள்ளைகள்.

16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறைக் கரையில் தலைமையிடமாக வைத்துக்கொண்டது புன்னக்காயலை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்தவர் பிரான்சிஸ் சேவியர். அவருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் தமிழை முறையாகக் கற்று, இலக்கணக் குறிப்பு எழுதி, 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' வரை கொண்டுவந்தவர். 1600-ல் இறந்தவரைத் தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவரைத் தவிர்க்க முடியாது.

1553-ல் மலையாளக் கரையிலிருந்து ஒரு கப்பற்படை வந்து புன்னக்காயலைத் தாக்கியது. போர்ச்சுகீசியரின் சிறிய காவற்படையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தரை வழியில் தப்பலாம் என்றால் அங்கே விஜயநகரத் தளபதி விட்டலரின் வடுகப் படை. கப்பித்தான் மனுவேல் ரொட்ரிகஸ் குத்தினோவும் ஹென்றிக்கஸும் பிடிபட்டார்கள். கொச்சியிலிருந்து ஜில் பெர்னாண்டஸ் டி கர்வாலோ கப்பல்களோடு வந்து, வந்த படையைத் தோற்கடித்தார்.

புத்தகத்தில் இது ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு பக்கம் கடலில் இருந்து ஒரு படை, மறு பக்கம் தரையில் ஒரு படை, உள்ளே ஒரு சிறு கோட்டை, நடுவில் ஊர். படித்ததும் எனக்கு நினைவு வந்தது வெஸ்லியின் பிரவுன்ஸ்டைன்தான். அவர் கற்பனை செய்த ஊர், இங்கே நிஜமாகவே இருந்திருக்கிறது.

செருப்பும் ஈயக்குண்டும்

கடையில் விற்கும் போர்வீரப் பொம்மைகள் ஒரு அங்குல உயரம் இருக்கும். விலையோ என் பென்ஷனுக்குக் கட்டுப்படியாகாது. தவிர, முத்துக் குளிக்கிறவன் பொம்மை எந்தக் கடையில் கிடைக்கும்? ஆகவே வீட்டிலேயே செய்தோம்.

தோணிக்குப் பழைய ரப்பர் செருப்பு. கடற்கரைப் பிள்ளைகள் தலைமுறையாகச் செய்யும் வித்தை இது. பிளேடால் செதுக்கினால் வெண்ணெய் மாதிரி வரும், தண்ணீரில் விட்டால் மிதக்கும். பாய்மரத்துக்குத் துடைப்பக்குச்சி. பாய்க்கு என் பழைய வேட்டிக் கிழிசலைப் பெவிகால் தண்ணீரில் முக்கி, காற்று பிடித்த மாதிரி ஒரு பல்பின் மேல் காயவைத்தோம். ஆட்களுக்கு முதலில் கம்பியில் எலும்புக்கூடு, அதன்மேல் எம்-சீல். எம்-சீலைப் பிசைந்தால் இறுகுவதற்குள் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதற்குள் கை, கால், தலைப்பாகை வந்துவிட வேண்டும். விரல் நுனியில் தண்ணீர் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. மூக்கை ஊக்கின் முனையால் எடுப்பது. கண் வைக்காமல் விடுவது நல்லது, வைத்தால் எல்லாரும் பயந்த மாதிரியே இருப்பார்கள்.

பொம்மை சாயாமல் நிற்க அடியில் கனம் வேண்டும். அதற்கு வலையில் கட்டும் ஈயக்குண்டு. தட்டித் தகடாக்கினால் போதும். இதை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. நானே தட்டி, பெயிண்ட் அடித்து மூடிவிட்டுத்தான் கொடுத்தேன். மேடு பள்ளங்களுக்குக் கிறிஸ்துமஸ் குடில் கட்டிய அனுபவம் கைகொடுத்தது. பழைய சாக்கும் பழுப்புக் காகிதமும் பசையும் வண்ணமும் இருந்தால் பெத்லகேம் மலையும் வரும், தாமிரபரணி மணல்திட்டும் வரும்.

சின்ன உருவம் செய்வது இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. கொஞ்சம் மேலே ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது, வெண்கலப் பாத்திர மூடிகளின்மேல் எருமையும் ஆடும் சேவலும் நின்றன. இன்னும் மேலே போனால் அம்பாசமுத்திரத்தின் மரச் சொப்புச் சாமான். ஒரு உள்ளங்கைக்குள் வீட்டையே வைத்துக்காட்டும் கைகள் இங்கே எப்போதும் இருந்திருக்கின்றன.

பகடைக்கும் வெளியே போகவில்லை. ஆறு சோழிகளைக் குலுக்கிப் போடுவது. மல்லாந்து விழுந்தவற்றை எண்ணுவது. இதில் ஒரு நயம் உண்டு. ஒற்றைப் பகடையில் ஆறு எண்ணும் சம வாய்ப்பில் விழும். ஆறு சோழியில், ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி மல்லாக்கும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 64 விதமாக விழலாம். அதில் மூன்று மல்லாப்பது 20 விதத்தில். ஆறும் மல்லாப்பது ஒரே ஒரு விதத்தில். நடுத்தரமான காரியங்கள் அடிக்கடி நடக்கும், அற்புதம் எப்போதாவதுதான். வாழ்க்கையும் அப்படித்தானே.

ஒரு கேள்வி

ஆட்டத்துக்கு ஆறு பிள்ளைகள். அதில் இருவர் காயல்பட்டினத்திலிருந்து. என்னோடு வேலை பார்த்த நண்பரின் பேரப்பிள்ளைகள். பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்த நாளில் நண்பர் வந்து பார்த்தார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா இதுல என் பேரன் எப்பவும் கொள்ளைக்காரனாத்தான் வரணுமா?"

நியாயமான கேள்வி. 1553-ல் வந்தவர்கள் காயல்பட்டினத்துக்காரர்கள் அல்ல, மலையாளக் கரைப் படை. ஆனால் பத்து வயதுப் பையனுக்கு அந்த வித்தியாசம் எத்தனை நிமிடம் நினைவிருக்கும்? மேசையில் ஒரு பக்கத்துக்கு 'நாம்' என்றும் மறு பக்கத்துக்கு 'அவர்கள்' என்றும் பெயர் வைத்துவிட்டால், ஆட்டம் முடிந்து பொம்மையைப் பெட்டிக்குள் வைக்கலாம். அந்தப் பெயர்கள் பெட்டிக்குள் போகா.

பதில் ஆடுபுலியில் இருந்தது. மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் சமமே இல்லாத ஆட்டம். அதனால்தான் ஒரு ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறிக்கொள்வோம். புலியாக இருந்தவன் ஆடாக உட்கார்ந்தால்தான் ஆட்டின் கஷ்டம் தெரியும். அதையே விதியாக்கினேன். ஒருவரும் தன் ஊர்ப் பாத்திரத்தை முதலில் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் பாத்திரம் மாற வேண்டும்.

முதல் நாள் நண்பரின் பேரன் போர்ச்சுகீசியக் கப்பித்தான். என் பேரன் மலையாளக் கப்பல் தலைவன். அவன் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, நான் எதுக்குச் சண்டைக்கு வந்திருக்கேன்?" காரணம் தெரியாமல் பாத்திரத்தை ஆட முடியாதே. போர்ச்சுகீசியர் கடலில் போகும் கப்பல்களையெல்லாம் தங்களிடம் சீட்டு வாங்கச் சொன்னதையும், சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துக்கொண்டதையும், கள்ளிக்கோட்டைச் சாமூதிரியும் அவருடைய கடற்படையும் தலைமுறையாக அதை எதிர்த்ததையும் சொன்னேன். "அப்ப எனக்கும் நியாயம் இருக்கு" என்றான். இருக்கிறது. கப்பித்தான் நாற்காலியில் இருந்த பையனும் தலையாட்டினான்.

வெள்ளை அடி, கறுப்பு அடி

இன்னொரு விதியும் வைத்தேன். வரலாறு பெயர் சொல்லும் ஆளுக்கு ஈய அடியில் வெள்ளை வண்ணம். நாங்கள் கற்பனை செய்த ஆளுக்குக் கறுப்பு. நடத்துகிறவன் நான், நான் சொல்வதையெல்லாம் பிள்ளைகள் நடந்ததாக நம்பிவிடக் கூடாது. எது ஏட்டில் உள்ளது, எது நாம் சேர்த்தது என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

எல்லாம் முடிந்து மேசையில் நிறுத்தியபோது வெள்ளை அடிகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். எல்லாரும் தளபதிகள், ஒருவர் பாதிரியார். மற்ற அத்தனையும் கறுப்பு. பட்டங்கட்டி, சம்மாட்டி, குளியாளிகள், துபாஷி, காயல்பட்டினத்து மரக்காயர் வணிகர், மலையாளக் கப்பலின் துடுப்புக்காரன், கருவாடு காயப்போடுகிறவள். எங்கள் மேசையில் புன்னக்காயல் ஊரார் ஒருவருக்கும் வெள்ளை அடி கிடைக்கவில்லை. ஒரு பெண்ணுக்கும் கிடைக்கவில்லை.

ஆட்டத்தை உண்மையில் நடத்தியது அந்தக் கறுப்பு அடிகள்தான். ஒரு சிறுமி, இரண்டு குழந்தைகளும் நடக்க முடியாத மாமியாரும் உள்ள ஒரு வீட்டுக்காரியாக இருந்தாள். கப்பல்கள் தெரிகின்றன என்று நான் சொன்னதும், கப்பித்தானும் தலைவனும் பீரங்கிக் கணக்குப் பார்க்க, அவள் கேட்டாள்: "கோட்டைக்குள்ள குடிதண்ணி இருக்கா?" போர் நடந்த ஊர்களைப் பற்றிக் கடிதம் எழுதியவர்கள் கப்பித்தான்களும் பாதிரிமார்களும். தண்ணீர்க்குடத்தைப் பற்றி எழுத அவர்களுக்குத் தோன்றாது. சோழியை உருட்டினோம். இரண்டு மல்லாந்தது, கிணறு உண்டு, உப்பு. அவள் கோட்டைக்குப் போகவில்லை. கறுப்பு அடிப் பட்டங்கட்டியிடம் சண்டைபோட்டு ஒரு தோணியைப் பிடுங்கி, மரக்காயர் வணிகரிடம் மாமியாரை ஒப்படைத்து, ஆற்றுக்குள் அலையாத்திக் காட்டுக்குள் ஒதுங்கினாள். முத்துச் சலாபத்தில் பரதவரும் மரக்காயரும் ஒரே கடலில் மூச்சடக்கிக் குளித்தவர்கள்தானே. முகம் தெரியாமல் இருக்குமா என்பது அவள் வாதம். வணிகராக இருந்தது அன்றைக்கு என் பேரன். கூலி கேட்கவில்லை. ஆனால் சலாபம் முடிந்ததும் நல்ல முத்தை முதலில் தனக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டான். வியாபாரி!

இதெல்லாம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கறுப்பு அடி, கறுப்பு அடிதான். ஆனால் அன்றைக்கு இந்த மணலில் நின்ற ஒவ்வொருவரும் அப்படி ஏதோ ஒன்றைச் சில நாழிகைக்குள் முடிவுசெய்ய வேண்டியிருந்தது என்பது வெள்ளை அடி. முடிவு தெரிந்த நமக்கு 1553 ஒரு பக்கம். முடிவு தெரியாமல் அதற்குள் நின்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் காட்டியது புத்தகம் அல்ல, செருப்புத் தோணிதான்.

நண்பரின் பேரன் கடைசி நாளில் மலையாளக் கப்பலின் துடுப்புக்காரனை எடுத்துக்கொண்டான். யாரும் கேட்காத பாத்திரம். கொச்சிக் கப்பல்கள் வருகின்றன என்றதும் துடுப்பை விட்டுவிட்டு நீந்திக் கரையேறி, அங்கே யார் வீட்டிலாவது கஞ்சி கிடைக்குமா என்று கேட்டான். சோழி ஐந்து மல்லாந்தது. கிடைத்தது.

அடுத்த விடுமுறைக்கு 1560. அந்த ஆண்டு போர்ச்சுகீசியர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டி, கரையிலிருந்த பரதவரை அங்கே வந்து குடியேறச் சொன்னார்கள். பலர் போனார்கள், பலர் இருந்தார்கள். புன்னக்காயலின் தலைமையிடப் பெருமை அதோடு குறைந்து, நாளடைவில் தூத்துக்குடிக்குப் போயிற்று. ஏறுவதா, இருப்பதா என்பதுதான் ஆட்டம். வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும் இந்தக் கரையில், அந்தக் கேள்வி தெரியாத வீடு இல்லை. பதினொரு தோணி வேண்டும். இதுவரை ஆறு செருப்புதான் சேர்ந்திருக்கிறது. அதிலும் நான்கு இடது கால்.